வி-ட்வின் ரோட்ஸ்டர் பைக்குகளுக்கு ஏன் இவ்வளவு மவுசு? டுகாட்டி 'மான்ஸ்டர்' சொல்லும் கதை

சிக்னலில் ஒரு பெரிய பைக் வந்து நிற்குது. வண்டியைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே அதோட சத்தம் நம்மைத் திரும்ப வைக்குது. நாலு சிலிண்டர் பைக் மாதிரி கீச்சுனு கத்தாம, கனமா, கொஞ்சம் விட்டு விட்டு அடிக்கிற சத்தம். அதுதான் வி-ட்வின்.

ஆபீசுக்குப் போகலாம், மலைப்பாதையில் வளைஞ்சு ஓட்டலாம், வார இறுதியில் நீண்ட தூரமும் போகலாம். எல்லாத்துக்கும் ஒரே பைக் போதும் என்பதுதான் பெரிய வி-ட்வின் ரோட்ஸ்டர்களின் ஈர்ப்பு. அது எவ்வளவு தூரம் உண்மை? வாங்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்கணும்? பார்க்கலாம்.

ரோட்ஸ்டர், வி-ட்வின் - அப்படின்னா என்ன?

முன்பக்கம் ஃபேரிங் எனும் பெரிய மூடி இல்லாம, எஞ்சினும் ஃப்ரேமும் வெளியே தெரியும் பைக்தான் ரோட்ஸ்டர். நேக்கட் பைக் என்றும் சொல்வார்கள். ஹேண்டில்பார் உயரமா, அகலமா இருக்கும். ரேஸ் பைக் மாதிரி குனிஞ்சு படுக்க வேண்டியதில்லை.

இரண்டு சிலிண்டர்கள் ஆங்கில 'வி' எழுத்து போல விரிந்து நின்றால் அது வி-ட்வின் எஞ்சின். இத்தாலியின் டுகாட்டி பைக்குகளில் இந்த விரிவு 90 டிகிரி. இந்தக் கோணத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது உண்டாகும் முக்கியமான அதிர்வை, அடுத்த பிஸ்டனும் கிராங்க்கில் உள்ள எடையும் சேர்ந்து சமன் செய்துவிடும். அதனால் தனியா பேலன்சர் வைக்காமலே எஞ்சின் மென்மையா ஓடும்.

சத்தத்தின் ரகசியமும் இதே கோணம்தான். முதல் சிலிண்டர் வெடிச்ச பிறகு கிராங்க் 270 டிகிரி சுற்றினதும் அடுத்தது வெடிக்கும். அதன்பின் 450 டிகிரி இடைவெளி. சீராக இல்லாத இந்தத் தாளம்தான் நம்ம காதில் விழுது.

1993-ல் வந்த 'அரக்கன்'

இத்தாலியின் பொலோனா நகரில் இருக்கும் டுகாட்டி, ஃபேரிங் மூடிய ஸ்போர்ட்ஸ் பைக்குகளுக்குப் பேர் போனது. அர்ஜென்டினாவில் பிறந்த வடிவமைப்பாளர் மிகேல் கலூசி, அந்தப் பைக்குகளில் ஏற்கெனவே இருந்த பாகங்களை வைத்தே ஒரு புது வண்டியை உருவாக்கினார். சூப்பர்பைக் வகை ஃப்ரேம், சூப்பர்ஸ்போர்ட் பைக்கின் 904 சிசி எஞ்சின், மேலே ஒரு டேங்க், ஒரு சீட், அகலமான ஹேண்டில்பார். அவ்வளவுதான்.

1992-ல் ஜெர்மனியின் கொலோன் கண்காட்சியில் காட்டப்பட்டு, 1993-ல் விற்பனைக்கு வந்த அந்த 'மான்ஸ்டர் 900' பெரிய வெற்றி பெற்றது. டுகாட்டியின் அதிகம் விற்ற வரிசைகளில் ஒன்றாக மான்ஸ்டர் வளர்ந்தது. 2014-ல் 1,198 சிசி எஞ்சினோட 'மான்ஸ்டர் 1200' வந்தது. 2021-ல் 937 சிசி, 111 ஹெச்பி, ஓட்டத் தயாரான நிலையில் 188 கிலோ எடை என வண்டி இலகுவானது.

ஏன் பிடிக்குது?

முதல் காரணம் இழுவை. 2021 மான்ஸ்டர் தன் உச்ச டார்க்கான 93 நியூட்டன் மீட்டரை 6,500 ஆர்பிஎம்மிலேயே கொடுத்துடும். ஓவர்டேக் பண்ணும்போது ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகினாலே வண்டி பாயும்.

இரண்டாவது, ஒல்லியான உடல்வாகு. ஒரு சிலிண்டருக்குப் பின்னாடி இன்னொன்று இருப்பதால் எஞ்சின் அகலம் குறைவு. கால் இடுக்கில் வண்டி அடக்கமா இருக்கும், வளைவுகளில் சாய்ப்பது சுலபம்.

மூன்றாவது, நிமிர்ந்து உட்காரும் வசதி. டிராஃபிக்கில் எதிரே என்ன நடக்குதுன்னு நல்லா தெரியும்.

எல்லாத்துக்கும் ஒரே பைக் - உண்மையா?

பெரும்பாலும் உண்மை, ஆனா சில இடங்களில் இல்லை.

ஃபேரிங் இல்லாததால், நெடுஞ்சாலையில் வேகமா போனா காத்து நேரா நெஞ்சில் அடிக்கும். ரெண்டு மணி நேரத்தில் கழுத்தும் தோளும் சொல்லிடும். மான்ஸ்டரின் டேங்க் 14 லிட்டர்தான். லக்கேஜ் கட்டவும், பின்னாடி ஆள் உட்காரவும் இடம் குறைவு.

இன்னொன்று சூடு. பின் சிலிண்டர் ஓட்டுபவரின் தொடைக்குப் பக்கத்தில் இருக்கும். ஐரோப்பாவின் குளிரில் இது பெரிசா தெரியாது. மே மாத சென்னை சிக்னலில் நல்லாவே தெரியும்.

கம்பெனிகள் ஏன் விலகுது?

வி-ட்வின் தயாரிக்க செலவு அதிகம். சிலிண்டர் ஹெட், கேம்ஷாஃப்ட் எல்லாமே இரண்டு செட் வேணும். பக்கத்துப் பக்கத்தில் சிலிண்டர் நிற்கும் பேரலல் ட்வின்னில் ஒரே ஹெட் போதும். 1999 முதல் எஸ்வி650 எனும் வி-ட்வின்னை விற்ற சுசுகியே, 2023-ல் 776 சிசி பேரலல் ட்வின்னோட ஜிஎஸ்எக்ஸ்-8எஸ் பைக்கைக் கொண்டு வந்தது.

ஆனா இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. பேரலல் ட்வின்னின் கிராங்க்கை 270 டிகிரி கோணத்தில் அமைத்தால், 90 டிகிரி வி-ட்வின் வெடிக்கும் அதே தாளம் கிடைச்சுடும். சென்னையை ஒட்டிய ஆலைகளில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650-ல் இருப்பது இந்த 270 டிகிரி கிராங்க்தான். அந்த பைக்கின் சத்தம் உங்களுக்குப் பிடிச்சிருந்தா, அதுக்குப் பின்னாடி இருப்பது வி-ட்வின்னின் தாளம். இன்டர்செப்டர் 2018-ல் அறிமுகமானபோது ஷோரூம் விலை ₹2.50 லட்சம். மான்ஸ்டர் 2021-ல் இந்தியாவுக்கு வந்தபோது ₹10.99 லட்சம்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* வரி: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட பைக்குகளுக்கு 40% ஜிஎஸ்டி. 350 சிசி வரை 18%தான். இன்டர்செப்டரும் 40% பிரிவில்தான் வரும்.

* பராமரிப்பு: 937 சிசி மான்ஸ்டரில் வால்வைத் திறப்பது மட்டுமில்லாம, மூடுவதும் ஸ்பிரிங் இல்லாம நேரடி இயக்கம்தான். 'டெஸ்மோ' எனப்படும் இந்த முறைக்கு 30,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வு சரிபார்ப்பு தேவை. தெருமுனை மெக்கானிக்கிடம் விட முடியாது. உங்க ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம்னு முதல்ல பாருங்க.

* லைசென்ஸ்: இதுதான் ரொம்ப முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இளைஞர்கள் முதலில் 35 கிலோவாட், அதாவது சுமார் 47 ஹெச்பி வரையிலான பைக்கைத்தான் ஓட்ட முடியும். இரண்டு வருட அனுபவத்துக்குப் பிறகே பெரிய பைக். நேரடியா வேணும்னா 24 வயது ஆகணும். இந்தியாவில் அப்படிப் படிகள் கிடையாது. சுமார் 8 ஹெச்பி ஸ்ப்ளெண்டர் ஓட்ட எடுத்த அதே கியர் பைக் லைசென்ஸில், 18 வயதிலேயே 111 ஹெச்பி மான்ஸ்டரை ஓட்டலாம். கிட்டத்தட்ட 14 மடங்கு சக்தி.

சட்டம் போடாத அந்தப் படிகளை நாமே போட்டுக்கணும். 100 சிசியிலிருந்து நேரா தாவாம, 300 முதல் 650 சிசி பைக்கில் ஓரிரு வருடம் ஓட்டிப் பழகுங்க. டெஸ்ட் ரைடு எடுத்தா காலி ரோட்டில் மட்டும் ஓட்டிப் பார்க்காதீங்க. மதிய வெயிலில், டிராஃபிக்கில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்க. ஹெல்மெட், ஜாக்கெட், க்ளவுஸ், பூட்ஸ் செலவையும் பைக் விலையோட சேர்த்தே கணக்கு போடுங்க.