கையோடு வந்த இசை

பாட்டுக் கேட்க விரும்புவோர் பாடுவோர் இருக்கும் இடத்தைத் தேடிச் செல்லவேண்டும் என்பதே நெடுங்காலமாக உலகத்தின் நியதியாக இருந்தது. கோயில் வீதியிலும் அரசவையிலும் மணப்பந்தலிலும் இசை பிறந்தது. பிறந்த இடத்திலேயே மறைந்தது. 1877ஆம் ஆண்டில் அமெரிக்கரான தோமஸ் அல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் கருவியை ஆக்கியபோது அந்த நியதி பாதி தகர்ந்தது. ஆயினும், மீட்கப்பட்ட இசை வீட்டின் முன்னறையில் மேசைமீது வீற்றிருந்த பெட்டிக்குள் அடைபட்டே கிடந்தது. அதனைக் கையில் எடுத்துக்கொண்டு மனிதன் புறப்படும் காலம் பின்னரே வந்தது.

அவ்வாறு கையோடு கொண்டு செல்லும் இசைக்கருவிகளின் வரலாற்றை ஓர் ஏணியாகக் காண்பது பொதுவழக்கு. கீழ்ப்படியில் இருந்த தாழ்ந்த கருவியை மேற்படியில் வந்த உயர்ந்த கருவி வென்றது என்பர். அணுகி நோக்கின் கதை வேறாக இருக்கிறது. ஒலித்தரத்தில் உயர்ந்தது பின்தங்க, தாழ்ந்தது முந்திய காலங்கள் பல. ஏனெனில், வாங்குவோர் தம் செவியை மட்டும் கேட்டு வாங்குவதில்லை. பணப்பை, செல்லும் வழி, மின்வசதி, ஓய்வு நேரம் ஆகிய யாவும் அந்தத் தீர்ப்பிற் பங்குகொள்கின்றன.

1914ஆம் ஆண்டில் இலண்டன் நகரத்துப் பார்னற் சாமுவேல் நிறுவனத்தார் ‘டெக்கா’ என்னும் பெயரில் ஒரு கிராமபோனை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். மூடினால் அது ஒரு பயணப்பெட்டி. திறந்தால் ஓர் இசைப்பெட்டி. பெரிய குழலுக்குப் பதிலாக மூடியே ஒலியைத் தெறிக்கச் செய்தது. அதே ஆண்டில் முதலாம் உலகப்போர் மூண்டது. பதுங்கு குழிகளிற் கிடந்த போர்வீரர்களிடையே அப்பெட்டி புகழ்பெற்றது. பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடும். ஒவ்வொரு முறையும் விற்சுருளை முறுக்கவேண்டும், ஊசியை மாற்றவேண்டும். முன்னறையில் நின்ற பெரிய கிராமபோனோடு ஒப்பிட்டால் அதன் ஒலி மெலிந்தது. ஆனால் போர்க்களத்தில் முன்னறை ஏது? மின்சாரம் வேண்டாத, கையின் வலியால் மட்டுமே இயங்கும் ஒரு பெட்டி அங்கே பேருதவியாயிற்று. கருவியைத் தேர்வதற்கு முன் அது ஒலிக்கவேண்டிய இடத்தை எண்ணவேண்டும் என்னும் பாடம் அங்கே தொடங்குகிறது.

இப்பாடத்தை நன்கு உணர்ந்து ஒரு கருவியை வேண்டிப் பெற்றவர், இன்று சாம்பியா என வழங்கும் அன்றைய வடக்கு ரொடீசியாவில் தகவற் பகுதித் தலைவராக இருந்த ஹரி பிராங்கிளின் ஆவார். லுசாக்கா நிலையத்திலிருந்து ஆபிரிக்க மக்களின் மொழிகளிற் பேச்சும் பாட்டும் ஒலிபரப்பாயின. கேட்கவேண்டிய மக்களிடமோ பெட்டி இல்லை; கிராமங்களில் மின்சாரமும் இல்லை. ஐரோப்பிய வீடுகளுக்கென ஆக்கப்பட்ட வானொலிப் பெட்டிகளின் விலை அம்மக்களுக்கு எட்டாதது. ஆகவே எளிய, உறுதியான, மலிவான பெட்டி ஒன்றைச் செய்து தருமாறு பிராங்கிளின் பிரித்தானிய உற்பத்தியாளரிடம் விடாது கேட்டார். இறுதியில் எவர்ரெடி நிறுவனம் இணங்கியது. கைப்பிடியற்ற சமையற் பாத்திரம் ஒன்றை மாதிரியாகக் கொண்டு, நீலவண்ணம் பூசிய வட்ட வடிவப் பெட்டி 1949ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. மக்கள் அதனைச் ‘சட்டி வானொலி’ என்னும் பொருள்பட அழைத்தனர். விலை ஐந்து பவுண். தனியே வாங்கவேண்டிய மின்கலம் ஒரு பவுண் ஐந்து ஷிலிங். அம்மின்கலம் ஏறக்குறைய 300 மணி நேரம் உழைத்தது. அழகிலும் ஒலிநயத்திலும் அதனை விஞ்சிய பெட்டிகள் உலகிற் பல இருந்தன. லுசாக்காவுக்கு வெளியே இருந்த ஒரு கிராமத்துக்குப் பொருந்தியது இதுவே.

சட்டி வானொலி வால்வுகளால் இயங்கியது. வால்வு சூடேறி மின்னை உண்ணும், எளிதில் உடையும். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிஸ்டர் இக்குறையை நீக்கிற்று. 1954ஆம் ஆண்டு ஒக்டோபரில் அந்நாட்டில் வெளிவந்த ‘ரீஜென்சி டி.ஆர்.1’ என்னும் சிறு வானொலி நான்கே திரான்சிஸ்டர்களைக் கொண்டது, கையில் அடங்கியது. அதன் விலை 49 டொலர் 95 சதம். அதைவிடக் குறைந்த விலையில், அதைவிட நன்றாக ஒலிக்கும் மேசைப் பெட்டிகள் அன்றைய கடைகளில் இருந்தன. எனினும் அம்மேசைப் பெட்டி வீட்டாரின் பொதுவுடைமை. சிறுபெட்டியோ ஒருவரின் சொந்தம். பெற்றோருக்குப் பிடிக்காத பாட்டைத் தம் அறையிலோ கடற்கரையிலோ கேட்க விரும்பிய இளைஞர், மெலிந்த ஒலியைப் பொருட்படுத்தவில்லை.

திரான்சிஸ்டர் விரைவில் ஆசியாவின் கடைத்தெருக்களையும் வந்தடைந்தது. வயலிலும் தேநீர்க் கடையிலும் வண்டியிலும் வானொலி ஒலிக்கலாயிற்று. சிற்றலையில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை வழங்கிய திரைப்பாடல்களை இந்தியாவின் தொலைதூர ஊர்களிலும் மக்கள் விரும்பிக் கேட்ட காலம் அது. ஆயினும் வானொலிக்கு ஓர் எல்லை உண்டு. எந்தப் பாட்டு, எந்த நேரத்தில் என்பதை நிலையமே முடிவு செய்யும். தாம் விரும்பிய பாட்டைத் தாம் விரும்பிய வேளையிற் கேட்க விழைந்தவர்களுக்கு வேறொன்று வேண்டியிருந்தது.

அதனை ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் அளித்தது. லூ ஒட்டென்ஸ் என்னும் பொறியியலாளரின் தலைமையில், பெல்ஜியத்தின் ஹசல்ற் நகரில் உருவான கசற் நாடா 1963ஆம் ஆண்டு ஓகஸ்டில் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. மேற்சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரத்துண்டைச் செதுக்கிக்கொண்டு, அந்த அளவுக்குள் கருவி அடங்கவேண்டும் என ஒட்டென்ஸ் வகுத்தார் என்பர். அக்காலத்திற் பெரிய சுருள்களில் ஓடிய ஒலிநாடா 6.35 மில்லிமீற்றர் அகலமுடையது. நல்ல பதிவுக்கு அது வினாடிக்கு 19 சென்ரிமீற்றர் ஓடும். கசற் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீற்றர், வேகம் 4.76 சென்ரிமீற்றர். நாடா ஒடுங்கி வேகமும் குறைந்தால் இரைச்சல் மிகும் என்பதை அத்துறையார் யாவரும் அறிவர். ஆனால் சுருள் நாடாவை விரலாற் பிடித்து, இடுக்கிற் செலுத்தி, வெற்றுச் சுருளிற் சுற்றவேண்டும். கசற்றையோ ஒரு சிறுபிள்ளையும் கருவியில் இட்டு இயக்கலாம். பேச்சைப் பதிவதற்கே முதலிற் கருதப்பட்ட அது, அந்த எளிமையினாலும் பிற நிறுவனங்கள் கட்டணமின்றி ஆக்குவதற்குப் பிலிப்ஸ் இசைந்தமையாலும் உலகெங்கும் இசையின் கொள்கலமாயிற்று.

இதன் அடுத்த திருப்பம் யப்பானில் நிகழ்ந்தது. சோனி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மசாரு இபுகா நீண்ட விமானப் பயணங்களில் இசை கேட்க விரும்பினார். கைவசமிருந்த கருவியோ பாரம் மிக்கது. ஆகவே செய்தியாளர்களுக்கென ஆக்கப்பட்ட சிறு ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து, பதியும் பகுதியை நீக்கி, இருவழி ஒலியைச் சேர்த்து, பாரமற்ற காதுக்கருவி ஒன்றையும் பொறியியலாளர் இணைத்தனர். ‘பதிவு செய்யாத நாடாக் கருவியை யார் வாங்குவர்?’ என்று நிறுவனத்தினுள்ளேயே ஐயம் எழுந்தது. தலைவர் அக்கியோ மொரிற்றா அவ்வையத்தை ஏற்கவில்லை. 1979ஆம் ஆண்டு யூலை முதலாம் திகதி ‘வோக்மன்’ 33,000 யென் விலையில் வெளிவந்தது. முதல் மாதத்தில் விற்பனை மந்தமாக இருந்தது. ஆயினும் முதலில் ஆக்கிய 30,000 கருவிகளும் ஓகஸ்ட் முடிவதற்குள் விற்றுத் தீர்ந்தன. ஒரு வசதியைக் குறைத்ததனாலேயே ஒரு கருவி பயன்மிக்கதாயிற்று என்பது இங்கே கருதத்தக்கது. நடந்து செல்பவருக்குப் பதிவு வேண்டியதில்லை, பாட்டுத்தான் வேண்டும்.

அந்த முதல் வோக்மனில் இருவர் ஒருங்கே கேட்பதற்காக இரண்டு காதுக்கருவித் துளைகள் இருந்தன. கேட்டுக்கொண்டே ஒருவரோடொருவர் பேசுவதற்கு ஒரு பொத்தானும் இருந்தது. தனியே கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றுமோ என மொரிற்றா கருதியதன் விளைவு அது. மக்களோ தனியே கேட்பதையே விரும்பினர். பின்வந்த மாதிரிகளில் அவ்வசதிகள் மறைந்தன. வீதியில் நடப்பவரின் செவிக்குள் அவருக்கு மட்டும் உரிய கச்சேரி நடந்தது. பக்கத்தில் நடப்பவருக்கு அதில் இடமில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியை இலங்கையின் வரலாறு காட்டும். 1990ஆம் ஆண்டின் பின்னர், உள்நாட்டுப் போரின் விளைவாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாது போயிற்று. மின்கலங்கள் வடக்கே கொண்டு செல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் இருந்தன. மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, விளக்குக்குரிய டைனமோ தந்த மின்னைக்கொண்டு வானொலியையும் கசற் கருவியையும் இயக்கினர். ஒருவர் சுழற்றினாலன்றி மற்றவர் கேட்க இயலாது. கை ஓய்ந்தால் பாட்டும் செய்தியும் ஓயும். எந்தக் கருவி சிறந்தது என்னும் வினா அங்கே எழவில்லை. எது குறைந்த மின்னில் இயங்கும், எதனை உள்ளூரிலேயே பழுதுபார்க்கலாம் என்பவையே வினாக்களாயின.

மற்றைய நாடுகளிலும் இத்தகைய வினா வேறு வடிவில் எழுந்தது. 1984ஆம் ஆண்டில் சோனி நிறுவனமே கையிற் கொண்டு செல்லும் இறுவட்டுக் கருவியை வெளியிட்டது. அதன் ஒலித் தெளிவுக்குமுன் கசற் நிற்கமுடியாது. ஆனால் நடையின் அதிர்ச்சியில் ஒளிக்கதிர் தடம் தவறிப் பாட்டுத் துள்ளியது. மின்கலமும் விரைவில் தீர்ந்தது. பாட்டை முன்கூட்டியே நினைவகத்தில் ஏந்திவைக்கும் முறை பின்னரே வந்தது. ஆகவே மேசையருகே இருந்து கேட்போர் இறுவட்டையும், ஓடுவோரும் நடப்போரும் கசற்றையும் நெடுநாள் கைக்கொண்டனர். ஒரே வீட்டில் இரண்டும் இருந்தமை முரண்பாடு அன்று. இருவேறு தேவைகளின் விடை.

1990களில் ஜேர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வாளர் ‘எம்.பி.3’ என்னும் முறையை நிறைவு செய்தனர். செவி எளிதில் உணராத பகுதிகளைக் களைந்து, ஒரு பாட்டை ஏறக்குறையப் பத்திலொரு பங்காகச் சுருக்கும் முறை அது. 1998ஆம் ஆண்டில் வந்த ‘ரியோ’ என்னும் சிறு கருவி 32 மெகாபைட் நினைவகம் கொண்டது. ஏறக்குறைய அரைமணி நேரப் பாட்டே அதில் அடங்கும். ஆனால் அதில் அசையும் உறுப்பு எதுவும் இல்லை. எவ்வளவு குலுக்கினும் பாட்டுத் துள்ளாது. எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு சிறு மின்கலமே அதற்குப் போதும். இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் அதன் விற்பனையைத் தடுக்க வழக்குத் தொடுத்தது. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் கருவியாளர் பக்கம் தீர்ப்பளித்தது. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கிறியேற்றிவ் நிறுவனம் 6 கிகாபைட் கொண்ட கருவியைத் தந்தது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் அப்பிள் நிறுவனத்தின் ‘ஐபொட்’ 5 கிகாபைட்டுடன் வந்தது. கொள்ளளவிற் குறைந்ததே வென்றது. முன்னையது இறுவட்டுக் கருவியின் பருமனுடையது. அதில் பாட்டுக்களை ஏற்ற மணிக்கணக்காகும். பின்னையது பையில் அடங்கியது. ஆயிரம் பாட்டுக்களைப் பத்து நிமிடத்தில் ஏற்கவல்லது. எனினும், 399 டொலர் கொடுத்து வாங்கினும், மக்கின்ரோஷ் கணினி இல்லாதவருக்கு முதலாவது ஐபொட் பயன்படவில்லை. 2005ஆம் ஆண்டில் அதே நிறுவனம் திரையே இல்லாத ‘ஷபிள்’ என்னும் சிறுகருவியை 99 டொலருக்கு விற்றது. ஓடும்போது திரையைப் பார்ப்பவர் யார்?

இக்காலத்தில் இரண்டு புதிய கவலைகள் தோன்றின. ரியோவின் மின்கலத்தை எவரும் மாற்றலாம். ஐபொட்டின் மின்கலமோ உள்ளே வைத்து மூடப்பட்டது. அது தளர்ந்தபோது கருவியே தளர்ந்தது. மற்றொன்று பாட்டின் உரிமை பற்றியது. 2003ஆம் ஆண்டில் அப்பிள் தொடங்கிய இணைய விற்பனை நிலையத்தில் வாங்கிய பாட்டுக்கள் பூட்டிடப்பட்டிருந்தன. பிற நிறுவனங்களின் கருவிகளில் அவை ஒலிக்கமாட்டா. 2009ஆம் ஆண்டிலேயே அப்பூட்டு முற்றாக நீங்கிற்று. மைக்ரோசொவ்ற் நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சூன்’ என்னும் கருவியில், அதே நிறுவனம் முன்னர் வகுத்த காப்புமுறையில் விற்கப்பட்ட பாட்டுக்களும் ஒலிக்கவில்லை. அரக்குத் தட்டை வாங்கியவர் பெரும்பாலான கிராமபோன்களில் அதனை இட்டுக் கேட்டார். பணம் கொடுத்தும் தம் பாட்டைத் தம்மோடு எடுத்துச் செல்ல இயலாத நிலை புதியதாகும்.

2022ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐபொட் வரிசை முடிவெய்தியது. அதன் பணிகளைக் கைத்தொலைபேசி ஏற்றுக்கொண்டது. ஆயினும் பழைய வினாக்கள் மாளவில்லை. மின் எங்கிருந்து வரும், எத்தனை மணி நேரம் நிற்கும்? இருந்து கேட்பதற்கா, நடந்து கேட்பதற்கா? தனியே கேட்பதற்கா, பலரோடு கேட்பதற்கா? பழுதுற்றால் திருத்தலாமா? வாங்கிய பாட்டு நாளையும் வாங்கியவருடையதாக இருக்குமா? போர்வீரனின் பெட்டியும் ஆபிரிக்கக் கிராமத்தின் சட்டி வானொலியும் யாழ்ப்பாணத்தின் துவிச்சக்கர வண்டியும் இவற்றுக்கே விடை கூறின. இவ்வினாக்களுக்குத் தம் அன்றாட வாழ்விலிருந்து விடை கண்டபின் கடைக்குச் செல்பவர், விலை மிகுந்த கருவியோடு திரும்பாமற் போகலாம். தமக்கு உதவும் கருவியோடு திரும்புவார்.