தராசுபோல் ஓடிய இரயில்

இரயில் பாதை என்றாலே இணையாகச் செல்லும் இரண்டு தண்டவாளங்கள்தாம் நம் நினைவுக்கு வரும். ஒற்றைத் தண்டவாளத்தின்மீது இரயில் ஓட முடியுமா? அயர்லாந்தின் கெரி மாவட்டத்தில் 36 ஆண்டுகள் ஓடியது! லிஸ்டோவெல் நகரிலிருந்து பாலிபனியன் என்னும் கடற்கரை ஊர்வரை சுமார் 14 கி.மீ. நீளமுள்ள பாதை அது. இடையே லிசெல்டன் என்ற சிற்றூரில் ஒரு நிலையம் இருந்தது. 1888 மார்ச்சில் போக்குவரத்து தொடங்கியது.

இதை வகுத்தவர் லார்ட்டீக் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். அல்ஜீரியாவில் ஒட்டகங்கள் முதுகின் இருபுறமும் பொதி சுமந்து செல்வதைக் கண்டு இம்முறையை உருவாக்கினார் என்பர். நம் ஊர்க் காவடியும் இதே தத்துவந்தான். தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், ‘A’ வடிவ இரும்புத் தாங்கிகளின்மேல் தண்டவாளம் சென்றது. பெட்டிகள் அதன் இருபுறமும் தொங்கின. எஞ்சினுக்குக்கூடப் பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு கொதிகலன்கள்! பெட்டிகள் ஆடாதிருக்க, தாங்கிகளின் இருபக்கமும் கீழே வழிகாட்டித் தண்டவாளங்கள் இருந்தன.

நெம்புகோல் விதியை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். எடையைத் தூரத்தால் பெருக்கினால் வரும் திருப்புத்திறன் இருபுறமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுமை கூடினால் பெட்டி சாய்ந்து, வழிகாட்டித் தண்டவாளத்தை அழுத்தும்; உராய்வும் தேய்மானமும் மிகும். எனவே சுமை ஏற்றும்போதெல்லாம் எடையைச் சமன் செய்ய வேண்டியிருந்தது. ஒரு பசுவை அனுப்ப மறுபுறம் இரண்டு கன்றுகளை ஏற்றினார்களாம். திரும்பும்போது கன்றுகள் பக்கத்திற்கு ஒன்றாக வந்தனவாம். இப்படி ஒரு கதை அங்கே வழங்குகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. உயர்ந்து நின்ற பாதை, வயல்களுக்கிடையே வேலிபோல் குறுக்கிட்டது. வண்டிகள் கடக்க, சாலைகளில் தூக்குப் பாலங்கள் அமைக்க வேண்டியதாயிற்று. பயணிகள் மறுபக்கம் செல்லப் படிக்கட்டு பொருத்திய வண்டியொன்று இரயிலோடு சென்றது.

வருமானம் போதவில்லை. 1922–23இல் நடந்த உள்நாட்டுப் போரில் பாதை சேதமுற்றது. பின்னர் அயர்லாந்தின் இரயில் நிறுவனங்கள் ஒன்றாக இணைக்கப்பட்டபோது, வேறெந்தப் பாதையோடும் பொருந்தாத இது சேர்க்கப்படவில்லை. 1924 அக்டோபரில் போக்குவரத்து நின்றது. லிசெல்டன் இரயிலில்லா ஊராயிற்று. தண்டவாளங்கள் பழைய இரும்பாக விற்கப்பட்டன.

2003இல் லிஸ்டோவெலில் ஒரு சிறு பகுதி மீண்டும் அமைக்கப்பட்டது. அந்தக் காட்சிப் பாதையில் டீசலில் இயங்கும் மாதிரி எஞ்சின் ஓட்டப்பட்டது.

லார்ட்டீக்கின் கணக்கில் பிழையில்லை. வண்டி ஓடத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஈடாக இன்னொன்றைத் தேட வேண்டிய சிரமம் அன்றாடம் மக்கள் தலையில் விழுந்தது. ஒரு கருவியை மதிப்பிடும்போது அது இயங்குகிறதா என்பதோடு, அதைப் பயன்படுத்துவோர் படும் பாட்டையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டுமல்லவா?