கார்பைட் பீரங்கி: பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பெற்றோர் அறிய வேண்டிய பதில்களும்

பாகான் டத்தோ - நோன்புப் பெருநாளும் தீபாவளியும் வந்தால் கம்பங்களிலும் தோட்டப்புறங்களிலும் இரவில் ‘டமார்’ என்று ஓர் ஓசை கேட்கும். அன்று மண்ணெண்ணெய் ஊற்றிய மூங்கில் பீரங்கி. இன்று அதன் இடத்தில் கார்பைட் போட்ட பிவிசி குழாய். காணொளிகளில் வரும் உருளைக்கிழங்குத் துப்பாக்கியும் இதே இனம்தான். இதைச் செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கார்பைட் ஏன் வெடிக்கிறது?

கால்சியம் கார்பைட் தண்ணீர் பட்டதும் அசிட்டிலின் வாயுவை வெளியிடும். பட்டறைகளில் இரும்பை வெட்டவும் ஒட்டவும் பயன்படுவது இந்த வாயுதான். ஒரு காலத்தில் விடியும் முன்பே பால்மரம் சீவப் போனவர்கள் தலையில் கட்டிய கார்பைட் விளக்கும் இதனால்தான் எரிந்தது. விளக்கில் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து எரியும். மூடிய குழாயில் அது தேங்கி, ஒரே நொடியில் தீப்பிடிக்கிறது. சமையல் எரிவாயு காற்றில் சுமார் 2 முதல் 10 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் பற்றும். அசிட்டிலினோ 2.5 விழுக்காட்டிலிருந்து 80 விழுக்காடு வரை பற்றும். அதனால் ‘அளவாகப் போட்டால் ஆபத்தில்லை’ என்பது இதற்குப் பொருந்தாது.

தடித்த பிவிசி குழாய் தாங்காதா?

குழாயில் அச்சிட்டிருக்கும் அழுத்த அளவு தண்ணீருக்கானது. வாயு வெடிப்புக்கு அது உத்தரவாதம் அல்ல. வெயிலில் கிடந்த பிவிசி நொறுங்கும் தன்மையை அடைகிறது. உடைந்தால் கூரிய துண்டுகளாகப் பறக்கும். இரும்புக் குழாய் உடைந்தால் காயம் இன்னும் மோசம்.

வெடிக்காவிட்டால் என்ன செய்வது?

கண் போவது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான். ‘ஏன் வெடிக்கவில்லை?’ என்று பிள்ளை குனிந்து குழாய்க்குள் பார்க்கிறான். உள்ளே வாயு இன்னும் ஊறிக்கொண்டிருக்கும். ஒரு பொறி போதும், தீயும் சுண்ணாம்புக் கழிவும் முகத்தில் அடிக்கும். வெடிக்காத குழாயை யாரும் நெருங்கவோ, எட்டிப் பார்க்கவோ, மறுபடியும் பற்றவைக்கவோ கூடாது. எல்லாரையும் விலக்கிவிட்டு 999-க்கு அழைக்க வேண்டும்.

வெறும் பயமுறுத்தல் இல்லையா?

இல்லை. 2025 அக்டோபர் தீபாவளியின்போது இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் 150, 200 ரூபாய்க்கு விற்கப்பட்ட ‘கார்பைட் துப்பாக்கி’யால் 100-க்கும் மேற்பட்டோர் கண் காயத்துடன் மருத்துவமனைகளுக்கு வந்தனர். பெரும்பாலோர் சிறுவர்கள். சிலருக்குப் பார்வையே போனது. பிலிப்பைன்சில் ‘போகா’ எனப்படும் பிவிசி பீரங்கி தடை செய்யப்பட்டும், புத்தாண்டுக் காலத்தில் அதனால் கண் காயங்கள் தொடர்கின்றன.

கண்ணில் பட்டால்?

கார்பைட் கரைந்தபின் மிஞ்சுவது நீற்றுச் சுண்ணாம்பு. அது காரத்தன்மை உடையது. கண்ணின் உள்ளே ஊடுருவி அரித்துக்கொண்டே போகும்.

• கண்ணைக் கசக்கக் கூடாது.
• உடனே சுத்தமான குழாய்த் தண்ணீரில், இமையை விரித்துப் பிடித்து, குறைந்தது 20 நிமிடம் கழுவ வேண்டும்.
• எண்ணெய், தாய்ப்பால், நாட்டு மருந்து எதையும் ஊற்றக் கூடாது.
• கண் கிழிந்திருந்தாலோ ஏதேனும் குத்தியிருந்தாலோ அழுத்தாமல், ஒரு காகிதக் கோப்பையால் மூடிக் கொண்டு செல்ல வேண்டும்.
• வலி குறைந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும். பாகான் டத்தோ, ஊத்தான் மெலிந்தாங் மக்கள் தெலுக் இந்தான் மருத்துவமனைக்குச் செல்லலாம். ஆம்புலன்ஸுக்கு 999.

சட்டம் என்ன சொல்கிறது?

உரிமம் இல்லாமல் வெடிபொருள் தயாரிப்பதும் வைத்திருப்பதும் 1957-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம். சிறையும் அபராதமும் உண்டு. வீட்டில் செய்த பீரங்கிகளுக்கு எதிராக, பெருநாள் காலம்தோறும் போலீஸ் எச்சரிக்கிறது.

பெற்றோர் எதைக் கவனிக்கலாம்?

சாம்பல் நிறக் கற்கள், பூண்டு போன்ற வாடை, வெட்டிய குழாய்த் துண்டு, கழற்றி எடுத்த லைட்டர் பொறி, காரணமின்றித் தீர்ந்துபோகும் தலைமுடி ஸ்பிரே. இவற்றில் இரண்டு சேர்ந்து கண்ணில் பட்டாலே பிள்ளையை உட்காரவைத்துப் பேசுங்கள். அடிக்குப் பயந்த பிள்ளை, கண்ணில் பட்டதை மறைத்துவிடும். அந்த ஒரு மணி நேரத் தாமதம் பார்வையைப் பறித்துவிடலாம்.