முத்திரை வரியும் வரலாற்றுச் சான்றும்: பிரிட்டிஷ் செய்தித்தாள்கள், 1814–1861

1814 நவம்பர் 29 அன்று வெளியான லண்டன் ‘தி டைம்ஸ்’ இதழ் நீராவி எந்திரத்தில் அச்சானது. பிரீட்ரிக் கோனிக், ஆந்திரியாஸ் பவர் என்ற ஜெர்மானியர் இருவர் உருவாக்கிய அந்த எந்திரம் மணிக்கு 1,100 தாள்களை அச்சிட்டது. கையச்சில் 250ஐத் தாண்டுவது அரிது. அச்சுத் தொழிலாளர் கொதித்தெழுவார்கள் என்று அஞ்சிய உரிமையாளர், இரண்டாம் ஜான் வால்டர், எந்திரத்தை மறைவாகவே நிறுவினார். தொழிற்புரட்சிக் கால இதழியலின் கதையைப் பலரும் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் எந்திரம் மட்டும் வாசகரைப் பெருக்கிவிடவில்லை. மறு ஆண்டே பிரிட்டிஷ் அரசு இதழ் ஒன்றுக்கான முத்திரை வரியை 4 பென்சாக உயர்த்தியது. டைம்ஸின் விலை 7 பென்சு ஆனது. காகிதத்துக்கும் விளம்பரத்துக்கும் தனித்தனி வரிகள் வேறு. கூலித் தொழிலாளியால் நாளிதழ் வாங்கவே முடியவில்லை.

வருவாய் மட்டும் இவ்வரியின் நோக்கமன்று. 1819இல் மான்செஸ்டரில் அரசியல் சீர்திருத்தம் கோரிக் கூடியவர்கள் மீது படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலைக்குப் பின் வந்த சட்டங்களில் ஒன்று, சீர்திருத்த இதழாளர் வில்லியம் காபெட் போன்றோர் மலிவு விலையில் விற்றுவந்த அரசியல் வெளியீடுகளையும் முத்திரை வரம்புக்குள் இழுத்தது. ஏழைகள் அரசியல் படிப்பதைத் தடுக்கவே வரி கருவியாக்கப்பட்டது. இதில் எனக்கு ஐயமில்லை.

இதே வரிதான் இன்று ஆய்வாளருக்கு முதன்மைச் சான்றைத் தருகிறது. அச்சிடுவதற்கு முன்பே வெற்றுத் தாளில் அரசு முத்திரை பதிய வேண்டும் என்பதால், எந்த இதழுக்கு எத்தனை முத்திரைகள் போயின என்பது அரசுக் கணக்கில் ஏறியது. நாடாளுமன்றம் அக்கணக்குகளை அச்சிட்டும் வெளியிட்டது. முத்திரை அலுவலகத்துக்கு வந்த படிகள் 1820களிலிருந்து பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு மாற்றப்பட்டன. பிரிட்டிஷ் நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பு அப்படித்தான் வளர்ந்தது. எண்மயமான தரவுத்தளங்களில் நாம் இன்று தேடும் பக்கங்களில் பெரும்பகுதி, வரி கட்டியவர்களின் பக்கங்கள். எழுத்துணரி மென்பொருளின் பிழைகளைப் பற்றி ஆய்வாளர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். தொகுப்பே சாய்ந்திருப்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை என்பது என் கருத்து.

வரி கட்ட மறுத்தவர்களின் கதை வேறு. லண்டன் அச்சகத்தார் ஹென்றி ஹெதரிங்டன் 1831இல் ‘புவர் மேன்ஸ் கார்டியன்’ என்ற வார இதழை முத்திரையின்றி ஒரு பென்னிக்கு விற்றார். சட்டத்தை மீறியே வெளியிடுகிறோம் என்று முகப்பிலேயே அறிவித்தார். அரசு முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அச்சுப்பொறியின் படத்தைப் பொறித்தார். அவர் சிறை சென்றார். முத்திரையிடாத இதழ்களைத் தெருவில் விற்றதற்காக 1830க்கும் 1836க்கும் இடையில் 700க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அவர்களில் பலர் வேலையற்ற ஏழைகள். 1834இல் ஒரு நடுவர் குழு, கார்டியன் சட்டப்படி செய்தித்தாளே அல்ல என்று தீர்ப்பளித்தது. ஈராண்டில் அரசு வரியை ஒரு பென்னியாகக் குறைத்தது, கூடவே தண்டனையைக் கடுமையாக்கியது.

முத்திரைக் கணக்கில் இவ்விதழ்கள் இல்லை. அவற்றைத் தேடுபவர் நீதிமன்றப் பதிவுகளுக்கும், ஒற்றர் அறிக்கைகளோடு பறிமுதல் செய்த இதழ்களும் சேர்ந்து கிடக்கும் உள்துறை ஆவணங்களுக்கும், லண்டன் சீர்திருத்தவாதி பிரான்சிஸ் பிளேஸ் சேர்த்துவைத்த செய்தித்தாள் கத்தரிப்புகளுக்கும் போக வேண்டும். ஒடுக்கியவர்கள் கோப்பில் வைத்ததால் பிழைத்த இதழ்கள் பல.

கணக்கில் உள்ள எண்களையும் அப்படியே ஏற்க முடியாது. முத்திரையிட்ட தாளை மொத்தமாக வாங்கி இருப்பு வைத்தவர்கள் உண்டு. ஒருவர் பெயரில் வாங்கியதை மற்றவர் பயன்படுத்தியதும் உண்டு. விற்ற படிகளைக் கொண்டு வாசகரை அளப்பது அதைவிடப் பெரிய சிக்கல். 1837இல் லீட்ஸ் நகரில் ஃபியர்கஸ் ஓ’கானர் தொடங்கிய, தொழிலாளருக்கு வாக்குரிமை கோரிய சாசன இயக்கத்தின் வார இதழ் ‘நார்தர்ன் ஸ்டார்’, 1839இல் வாரம் சராசரியாகச் சுமார் 36,000 முத்திரைகள் பெற்றது. விலை நாலரை பென்சு. பலர் காசு சேர்த்து ஒரு படி வாங்கினர்; மதுக்கடையிலும் பட்டறையிலும் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டனர். முத்திரை பெற்ற இதழுக்கு அஞ்சல் கட்டணம் இல்லை என்பதால் படித்த இதழ் ஊர்விட்டு ஊரும் போனது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதன் வாசகரே. ஒரு படிக்கு இத்தனை பேர் என்று பெருக்கி எடுக்கும் எண்ணைவிட, தொழிலாளர் எழுதிய தன்வரலாறுகளில் வரும் இத்தகைய வாசிப்புக் கூட்டங்களின் குறிப்புகளையே நான் நம்புவேன்.

விளம்பர வரி 1853இலும், கட்டாய முத்திரை 1855இலும், காகித வரி 1861இலும் நீங்கின. 1855 ஜூனில் இரண்டு பென்சுக்குத் தொடங்கிய ‘டெய்லி டெலிகிராப்’ செப்டம்பரிலேயே ஒரு பென்னிக்கு இறங்கியது. மாகாண நகரங்களில் நாளிதழ்கள் பெருகின. ஆய்வாளருக்கோ கட்டாய முத்திரை நீங்கிய 1855ஓடு அந்த அரசுக் கணக்கு நின்றுவிடுகிறது. பிறகு கிடைப்பவை பெரும்பாலும் விளம்பரதாரரைக் கவர உரிமையாளர்கள் சொல்லிக்கொண்ட எண்கள். விற்பனையைச் சரிபார்க்கும் தணிக்கை அமைப்பு பிரிட்டனில் 1931இல்தான் வந்தது. இடைப்பட்ட முக்கால் நூற்றாண்டின் இதழ்களை அளக்க, நிறுவனக் கணக்கேடுகளையும் காகிதக் கொள்முதல் சீட்டுகளையும் ஒவ்வொரு இதழாகத் தேடி ஒப்பிட வேண்டியிருக்கிறது.