மோட்டார்ச் சைக்கிள் கிளச்சின் வரலாறும் தேய்வும்

ஓர் இயந்திரத்தின் பெருமையை அதன் வேகத்தைக் கொண்டு அளப்பது உலக வழக்கு. ஆயின், ஓடும் எஞ்சினை நிறுத்தாமலே வண்டியை நிறுத்தவும், நின்ற வண்டியை அதிர்ச்சியின்றிப் புறப்படச் செய்யவும் வல்ல உறுப்பொன்று தோன்றிய பின்னரே மோட்டார்ச் சைக்கிள் பயன்படு பொருளாயிற்று. அவ்வுறுப்பே கிளச்சு எனப்படுவது. தான் தேய்ந்து பிறவற்றைக் காப்பது அதன் இயல்பு.

நீராவி எஞ்சின் நின்ற நிலையிலிருந்தே இழுக்கும் ஆற்றல் உடையது. பெற்றோல் எஞ்சினோ குறித்த வேகத்திற் சுழன்றாலன்றி வலுத் தராது. 1894ஆம் ஆண்டில் செருமனியின் மியூனிக் நகரில் ஹில்டபிராண்ட், வூல்ப்மியூலர் என்போர் விற்பனைக்கெனச் செய்த மோட்டார்ச் சைக்கிளில் எஞ்சினின் தண்டுகள் பின் சில்லுடன் நேரே பிணைக்கப்பட்டிருந்தன. வண்டி நின்றால் எஞ்சினும் நிற்கும். பின்னர் வந்த தோல்வார் வண்டிகளையும் மிதித்தோ தள்ளிக்கொண்டு ஓடியோதான் இயக்க வேண்டியிருந்தது.

இக்குறையைத் தீர்க்கும் வழி உராய்விலேயே இருந்தது. உராய்வு அழுத்தும் விசையைச் சார்ந்ததேயன்றித் தொடும் பரப்பின் அளவைச் சார்ந்ததன்று எனப் பிரான்சிய அறிஞர் அமொந்தோன் 1699இல் எடுத்துரைத்தார். எனவே, தட்டைப் பெரிதாக்குவதால் மட்டும் பிடிப்பு மிகுந்துவிடாது. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், அதே வில்விசை ஒவ்வொரு பரப்பிலும் தொழிற்படும். ஐந்து உராய்வுத் தட்டுகள் பத்துப் பரப்புகளைத் தரும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிவர்பூலிற் பேராசிரியராயிருந்த ஹீல் ஷோ போன்றோர் பல்தட்டுக் கிளச்சை வளர்த்தனர்.

1911ஆம் ஆண்டு ஐல் ஒவ் மான் தீவில் நிகழ்ந்த பந்தயம் முதன்முறையாக மலைப் பாதைக்கு மாற்றப்பட்டது. கிளச்சும், இரு வேகப் பற்சில்லும், சங்கிலியும் பூண்ட அமெரிக்க ‘இந்தியன்’ வண்டிகள் அவ்வாண்டின் பெரும் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பெற்றன. 1915இல் பிரித்தானியப் படையின் செய்தி காவுநர்க்கு வழங்கப்பட்ட ‘ட்றையம்ப்’ வண்டியிலும் கிளச்சும் மூவேகப் பற்சில்லுப் பெட்டியும் இடம்பெற்றன.

அதன் அமைப்பு எளிதே. எஞ்சினாற் சுழற்றப்படும் கூடையில் உராய்வுத் தட்டுகளும், பற்சில்லுப் பெட்டியின் அச்சிற் பொருந்திய குடத்தில் உருக்குத் தட்டுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. விற்கள் அவற்றை இறுக்குகின்றன. கைப்பிடியை இழுத்தால் அழுத்தத் தட்டு விலக, தட்டுகள் பிரிகின்றன. மெல்ல விடுங்கால் அவை சிறிது வழுக்கிப் பின் ஒன்றுபடுகின்றன. அவ்வழுக்கலே அதிர்ச்சியை விழுங்குகின்றது. தேய்வுக்கும் அதுவே காரணம்.

தேய்வு தன்னைத்தானே வளர்ப்பது. தட்டுகள் மெலிய விற்கள் நீள்கின்றன. நீள அவற்றின் விசை குறைகின்றது. விசை குறைய வழுக்கல் மிகுந்து வெப்பம் பெருகுகின்றது. வெப்பத்தால் தேய்வு மேலும் விரைகின்றது. பல வண்டிகளில், தட்டுகள் மெலியுந்தோறும் கைப்பிடியின் சிறு தளர்வும் அருகுகின்றது. அதனைத் திருத்தாவிடின், கையை விட்ட பின்னும் வடம் அழுத்தத் தட்டைச் சற்று விலக்கியே வைத்திருக்கும். ஏற்றத்தில் எஞ்சின் இரைந்தும் வண்டி விரையாமை இதன் அறிகுறி. வெப்பத்தால் நெளிந்த உருக்குத் தட்டும் பள்ளம் விழுந்த கூடையும் எதிர்க் குறையை விளைக்கும். தட்டுகள் முற்றும் பிரியாமையாற் பற்சில்லு மாற்றுதல் கடினமாகும்.

தேய்வைத் தாங்கும் பொருளைத் தேடிய வரலாறு துயரமும் கலந்தது. இங்கிலாந்தின் டாபிசயரில், பாரவண்டிகளின் தடைக்கட்டையிற் பழைய சப்பாத்துத் தோல் பொருத்தப்பட்டிருந்ததைக் கண்ட ஹேர்பேட் புரூட் என்பார் 1897இல் ஆய்வு தொடங்கி, 1908இல் கல்நாரைத் தடையுறையாகப் பயன்படுத்தினார். வெப்பத்தைத் தாங்கும் கல்நார் கிளச்சிலும் புகுந்தது. ஆயின் அதன் தூசு தொழிலாளரின் நுரையீரலை அழித்தது. 1930இல் மெரிவெதர், பிரைஸ் என்போரின் அறிக்கை அதனை நிறுவியது. மறு ஆண்டே பிரித்தானியத் தொழிற்சாலைகளுக்குத் தூசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. எனினும் அந்நாட்டில் கல்நார் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இலேயே. உண்மை அறியப்பட்டதற்கும் அது முற்றாக ஏற்கப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கழிந்தன. தட்டின் தேய்வைக் கணித்த அறிவு, மனிதனின் தேய்வைக் கணிக்கத் தாமதித்தது.

இக்காலத்துத் தட்டுகளிற் கடதாசி நார், தக்கை, அரமிட்டு நார் ஆகியன பயன்படுகின்றன. 1958இல் யப்பானில் வெளிவந்த ஹொண்டா ‘சூப்பர் கப்’ மையநீக்க விசையாற் தானே தொழிற்படும் கிளச்சைக் கொண்டு இடக்கைக்கு ஓய்வளித்தது. எண்ணெயில் நனையும் கிளச்சிற்கு ஏற்ற எண்ணெய்க்கென 1998இல் அந்நாடு தனித் தரமும் வகுத்தது.

தேயாத கிளச்சு இன்றுவரை இல்லை, இருக்கவும் இயலாது. தேய்வை அறிந்து உரிய காலத்தில் திருத்துவதும், அதன் விலையைப் பிறர் உயிரால் செலுத்தாமற் காப்பதுமே அறிவின் கடன் என்பது இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.