தாய்லாந்தில் வரும் ‘தாய்’ யார்?

தாய்லாந்து என்ற பெயரைத் தமிழில் படிக்கும்போது அம்மா நினைவுக்கு வருவது இயல்பு. ‘தாய் மொழிகள்’ என்று எழுதிவிட்டால் குழப்பம் இன்னும் கூடும். அது தாய்மொழியா, ஓர் இனத்தாரின் மொழியா? நம் தாய்க்கும் அந்தச் சொல்லுக்கும் உறவே இல்லை. அந்த நாட்டார் வாயில் அது குறுகி ஒலிக்கும். ‘தை’ என்பதற்கே நெருக்கம். தங்கள் நாட்டை அவர்கள் ‘பிரதேட் தை’ என்கிறார்கள். முன்பாதி நாம் அறிந்த பிரதேசம். பின்பாதிதான் ஆராயத்தக்கது.

தை என்றால் ‘அடிமை அல்லாதவர்’ என்று பரவலாகப் பொருள் சொல்வார்கள். பழைய வழக்கில் அப்பொருள் உண்டு. ஆனால் அதனினும் மூத்த பொருள் ‘ஆட்கள், மக்கள்’ என்பதே. லாவோஸிலும் வடகிழக்குத் தாய்லாந்திலும் ஊர்க்காரர்களை இன்றும் ‘தை பான்’ என்கிறார்கள். பான் என்றால் ஊர்.

‘பந்து’ என்பதில் வருவதுபோன்ற அதிரும் தகரமே இச்சொல்லின் பழைய முதலொலி. பாங்காக்கிலும் லாவோஸின் வியன்டியானிலும் அது மூச்சு கலந்த தகரமாயிற்று. மியன்மாவின் ஷான் மக்களிடம் மூச்சு கலவாத தகரமாயிற்று. ஆங்கிலத்தில் Thai, Tai என்று இருவகையாக எழுதினாலும் சொல் ஒன்றுதான்.

தாய்லாந்தின் பழைய பெயரான சயாம் என்பதோ பிறர் இட்ட பெயர். 12ஆம் நூற்றாண்டு அங்கோர்வாட் புடைப்புச் சிற்பத்தில், அணிவகுத்துச் செல்லும் ஒரு படைக்கு ‘சியாம்’ என்ற குறிப்பு பொறிக்கப்பட்டுள்ளது. மியன்மாவின் ‘ஷான்’ அதே பெயரின் திரிபு. 1228இல் பட்காய் மலை கடந்து பிரம்மபுத்திராச் சமவெளியில் நுழைந்தவர் சுகாபா என்ற தை இளவரசர். அவர் வழியினர் அங்கே ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஆண்டனர். அவர்களைக் குறிக்கும் ‘அகோம்’, மண்ணைக் குறிக்கும் ‘அசாம்’ ஆகியவையும் இந்த வேரினவே என்பது அறிஞர் பலரின் முடிவு. ஊரார் சியாம், ஷான், அகோம் என்றழைத்தாலும், அம்மக்கள் தங்களைச் சொல்லிக்கொண்டது தை என்றுதான்.

1939 ஜூன் 24 அன்று பிரதமர் பிபுன் சோங்கிராமின் அரசு சயாமின் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றியது. 1945இல் சயாம் திரும்பியது. 1949இல் மீண்டும் தாய்லாந்து. இரண்டாம் உலகப் போரில் மலாயாத் தோட்டங்களிலிருந்து ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழர்களைப் பற்றிய நினைவில் மட்டும் பழைய பெயரே நிலைத்தது; அந்தப் பாதை என்றும் ‘சயாம் மரண ரயில்’தான்.

1939இன் பெயர் மாற்றத்தில் ஒரு நெருடல் உண்டு. சீனாவின் குவாங்சி, வடக்கு வியட்நாம், லாவோஸ், ஷான் மாநிலம், அசாம் என்று பரந்த ஒரு மொழிக்குடும்பத்தின் பெயரை ஓர் அரசு தன் பெயராக்கிக்கொண்டது. இந்தப் பெயர்களின் வரலாற்றைத் தோண்டிய தாய்லாந்து அறிஞர் சித் பூமிசக், 1966இல் சுட்டுக் கொல்லப்பட்டார். இதுபற்றிய அவருடைய நூல் 1976இல்தான் அச்சேறியது.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். நாட்டைத் தாய்லாந்து என்றே எழுதுவோம். அது வழக்கில் ஊன்றிவிட்டது. பல நாடுகளில் வாழும் அந்த மக்களையும் அவர்தம் மொழிகளையும் ‘தை’ என்று எழுதுவோம். ஒலிக்கும் அதுவே பொருத்தம். ‘தாய்மொழி’ என்ற மயக்கமும் நீங்கும்.