இனம் எழுதும் கட்டம்: குழந்தைகளின் லூபஸ் ஆய்வுகள் கடந்து வந்த பாதை

உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் நோயான லூபஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் பேருக்கு அது குழந்தைப் பருவத்திலோ பதின்வயதிலோ தொடங்கிவிடுகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் அதிகம். ஆனால் நோயுற்ற குழந்தை தன் நாளை எப்படிக் கழிக்கிறது என்ற கேள்வி ஆய்வேடுகளில் இடம்பிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்காவில் அந்தக் கேள்விக்குள் ‘இனம்’ எப்படி வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. படிவத்தில் குறிக்கப்படும் இனம் உடலைப் பற்றிச் சொல்வது கொஞ்சம். அந்த உடல் எந்த வீட்டில், எந்தக் காப்பீட்டில், எந்தப் பள்ளியில் இருக்கிறது என்பதைப் பற்றிச் சொல்வதே அதிகம் என்பது என் முடிபு.

1948இல் மேயோ மருத்துவமனையில் மால்கம் ஹார்க்ரேவ்ஸும் உடனிருந்தோரும் ‘எல்.இ. செல்’லைக் கண்டறிந்த பிறகுதான் லூபஸை ஆய்வகத்தில் அடையாளம் காண ஒரு வழி பிறந்தது. 1955இல் மெரெல், ஷுல்மன் இருவரும் 99 நோயாளிகளைப் பற்றி எழுதியபோது, நான்கு ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு இருந்தவர்கள் பாதியளவே. 1960இல் குழந்தை மருத்துவ இதழ் ஒன்று 37 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டது. பிள்ளை பிழைக்குமா என்பதே அன்றைய கேள்வி. வாழ்க்கைத் தரத்தைப் பற்றி யாரும் கேட்காததில் வியப்பில்லை.

அடுத்து வந்தது எண்ணிக்கை. சீகல், லீ முதலியோர் நியூயார்க் நகரத்தையும் அலபாமாவின் ஜெஃபர்சன் கவுண்டியையும் 1956 முதல் 1965 வரை ஒப்பிட்டார்கள். இரண்டு இடங்களிலும் கறுப்பினப் பெண்களிடமே நோய் அதிகம். 1974இல் ஃபெசல், சான் பிரான்சிஸ்கோவில் 15 முதல் 64 வயதுக்குட்பட்ட கறுப்பினப் பெண்களில் 245 பேருக்கு ஒருவர் என்று கணக்கிட்டார். இந்த எண்கள் இனத்தை ஆய்வின் நடுவில் வைத்தன. ஆனால் நோயை முதலில் கண்டு சொல்லும் கண்கள் எதைப் பார்த்துப் பழகியவை? கன்னங்களில் இரு பக்கமும் படரும் சிவப்புத் தடிப்பு வெளிர்த்தோல் படங்களின் வழியாகவே பாடநூல்களில் பெரும்பாலும் கற்பிக்கப்பட்டது. கறுத்த தோலில் அது பழுப்பாகவோ ஊதாவாகவோ தெரியும். சில வேளை நிறத்தைவிடத் தடிப்பே முதலில் புலப்படும். சிவப்பைத் தேடுபவர் அதைத் தவறவிடுவது எளிது.

இனத்தையும் வறுமையையும் பிரித்துப் பார்க்கும் பெரிய முயற்சி 1994இல் தொடங்கிய ‘லூமினா’ ஆய்வு. அலபாமா, டெக்சஸ், பின்னர் புவேர்ட்டோ ரிக்கோ என மூன்று இடங்களின் நோயாளிகளை அது பின்தொடர்ந்தது. அதன் முடிவுகளில் இரண்டு எனக்கு முதன்மையானவை. மரணத்தை முன்னறிவிப்பதில் வறுமை நின்றது. வறுமையைக் கணக்கில் எடுத்தபின் இனம் நிற்கவில்லை. இன்னொன்று, ‘ஹிஸ்பானிக்’ என ஒரே பெயரில் அடங்கிய இரு குழுக்களில் டெக்சஸ்காரர்களுக்கு நோய் கடுமை. புவேர்ட்டோ ரிக்கோகாரர்களுக்கு மிதம். லூமினா பெரும்பாலும் பெரியவர்களைப் பற்றியது என்றாலும், குழந்தைகளைப் பற்றிய பிற்கால ஆய்வுகளை இந்தப் பாடத்தை மனத்தில் வைத்தே படிக்க வேண்டியிருக்கிறது.

ஏழைக் குடும்பங்களுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டின் 2000–2004 பதிவுகளை அலசி, ஹிராகியும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, 3 முதல் 18 வயதுக்குட்பட்டோரில் லட்சத்துக்குச் சுமார் 9.7 பேருக்கு லூபஸ் என்றது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. லூபஸால் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த குழந்தைகளைப் பற்றி அதற்கு முந்தைய ஆண்டு அவர்கள் எழுதியது இன்னும் கடினமானது. அக்குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஆப்பிரிக்க அமெரிக்கர். அவர்களின் இறப்பு வெள்ளையரைவிடச் சுமார் இரு மடங்கு. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்ததும் குறைவு. மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. மேற்கு ஆப்பிரிக்க மூதாதையரிடமிருந்து வரும் ‘ஏ.பி.ஓ.எல்.1’ மரபணு மாறுபாடுகள் சிறுநீரகச் சிதைவை விரைவுபடுத்துகின்றன என்பது நிறுவப்பட்டது. ஆனால் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் பெயர் ஏறுவதை அந்த மரபணு தீர்மானிப்பதில்லை.

வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கருவிகள் இதற்கிடையில் உருவாயின. ஜேம்ஸ் வார்னியின் 23 கேள்விகள் கொண்ட ‘பெட்ஸ்க்யூஎல்’ உடல், மனம், நட்பு, பள்ளி என நான்கு பக்கமும் கேட்டது. 2007இல் நந்தினி மூர்த்தியும் உடனாய்வாளர்களும் லூபஸ் குழந்தைகளுக்கென்றே ‘ஸ்மைலி’யை வெளியிட்டார்கள். குழந்தை எண்ணை எழுத வேண்டாம். சிரிப்பிலிருந்து அழுகை வரை வரைந்த ஐந்து முகங்களில் தன்னுடையதைக் காட்டினால் போதும். பெற்றோருக்குத் தனிப் படிவம் உண்டு. இரண்டு விடைகளும் எப்போதும் ஒத்துப்போவதில்லை.

இந்தக் கருவிகள் வந்த பிறகு தெரிந்தது, ரத்தப் பரிசோதனையும் நோய்த்தீவிர மதிப்பெண்ணும் ஒரு பக்கம், குழந்தையின் அனுபவம் இன்னொரு பக்கம் என்று. ஸ்டீராய்டு அழற்சியை அடக்கி மதிப்பெண்ணைக் குறைக்கிறது. அதே மாத்திரை முகத்தை உப்பவைத்து, எடையைக் கூட்டி, தொடையில் வரிகளை இழுக்கிறது. வெயில் நோயைக் கிளப்பும் என்பதால் விளையாட்டு வகுப்பில் நிழலோரம் உட்கார வேண்டும். பதினான்கு வயதுப் பெண் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினால், அதன் விளைவு மருத்துவக் குறிப்பில் ‘ஒத்துழைக்காதவர்’ என்ற சொல்லாக ஏறுகிறது. இந்தச் சொல் எந்த இனத்துப் பிள்ளைகளின் கோப்பில் அதிகம் விழுகிறது என்பதைத் தனியே ஆராய வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். மனச்சோர்வும் பதற்றமும் இந்தப் பிள்ளைகளிடம் பரவலாக இருந்தும் பல நேரம் கண்டறியப்படாமல் போவதைப் பிலடெல்பியா ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

கனடாவின் ‘ஆயிரம் முகங்கள்’ லூபஸ் ஆய்வு ஒப்பீட்டுக்கு உதவும். அங்கே மருத்துவர், மருத்துவமனைச் செலவுகள் பொதுக் காப்பீட்டில் அடங்கும். வெளியே வாங்கும் மருந்துகள் எல்லாருக்கும் அப்படியல்ல. அதன் குழந்தைப் பிரிவில் தெற்காசியர் தனிக் குழு. டொராண்டோவின் ஈழத்தமிழ்ப் பிள்ளையும் பஞ்சாபிப் பிள்ளையும் அந்த ஒரே கட்டத்துக்குள்தான் வருவார்கள். போரிலிருந்து தப்பி வந்த குடும்பம், வேலைக்காகக் குடியேறிய குடும்பம் என்ற வேறுபாட்டை அந்தக் கட்டம் காட்டாது.

ஆகவே இனி இத்தகைய ஆய்வுகள் இனத்தோடு குடும்ப வருமானம், காப்பீட்டு வகை, மருத்துவமனைக்குள்ள தொலைவு, வீட்டு மொழி, படிவத்தை நிரப்பியது குழந்தையா பெற்றோரா என்பவற்றையும் பதிய வேண்டும். மெடிக்கெய்டில் ‘குழந்தை’ என்ற தகுதி பொதுவாக 19 வயதில் முடிகிறது; ஏறத்தாழ அதே பருவத்தில் குழந்தை மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாற வேண்டியும் இருக்கிறது. இந்த மாற்றங்கள் நிகழும் இரண்டு மூன்று ஆண்டுகளில் யார் மருந்தை இழக்கிறார்கள், யார் சிறுநீரகத்தை இழக்கிறார்கள் என்று பின்தொடர்வதே இன்று மிக அவசரமான பணி.